மூடிக் கிடக்கும் தேயிலை ஆலைக்குள் போவது எப்படி

நீலகிரியில் 1990-களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்த பிறகு கதவடைத்த ஆலைகளில் சில மீண்டும் திறக்கப்படவே இல்லை. குன்னூரிலிருந்தோ கோத்தகிரியிலிருந்தோ உள்ளூர்ச் சாலைகளில் போகிறவர்கள், தேயிலைச் சரிவின் நடுவே துருப்பிடித்த தகரக் கூரையும் வரிசையாக ஜன்னல்களும் கொண்ட அத்தகைய கட்டிடம் ஒன்றையாவது கண்டிருப்பார்கள். அதன் உள்ளே சென்று பார்க்கவும் படமெடுக்கவும் விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இலை எந்த வரிசையில் தூளாக மாறியது என்பதை முதலில் தெரிந்துகொண்டு போனால், எந்த இடத்தில் எந்த வேலை நடந்தது என்பதும், தரை எங்கே நம்பத்தகாதது என்பதும் சேர்ந்தே விளங்கும்.

முதல் வேலை அனுமதி பெறுவது. பாழடைந்து கிடந்தாலும் ஆலைக்கு உரிமையாளர் உண்டு. கடனில் முடங்கிய ஆலையாயின் வங்கியின் சுவாதீன அறிவிப்பு கதவிலேயே ஒட்டப்பட்டிருக்கலாம். தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டேன் டீக்குச் சொந்தமானதாயின் அதன் கோட்ட அலுவலகத்திலும், கூட்டுறவு ஆலையாயின் அவற்றின் கூட்டமைப்பான இண்ட்கோசர்விலும் விசாரிக்க வேண்டும். அனுமதியின்றி நுழைவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவின் கீழ் வழக்காகக்கூடும். இரும்புத் திருட்டு நடக்கும் இடங்களில் ஊர்க்காரர்கள் அந்நியர்களைப் பார்த்ததும் சந்தேகப்படுவதிலும் வியப்பில்லை. வருகிறவர்களின் பெயர், நாள், நேரம், நோக்கம் ஆகியவற்றை எழுதி, எந்தப் பொருளையும் எடுக்க மாட்டோம் என்றும் குறிப்பிட்டு, ஒப்புதலை எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். சமவெளியிலிருந்து வருகிறவர்கள், 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் நடைமுறையில் உள்ள இ-பாஸையும் மறக்கக் கூடாது.

அனுமதிக் கடிதத்தைவிடப் பெரிய துணை, அந்த ஆலையில் வேலை பார்த்த ஒருவர். பக்கத்திலுள்ள லயன் வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், விசாரித்தால் பெரும்பாலும் கிடைத்துவிடுவார். ஒரு நாள் கூலியை முன்னதாகவே பேசி, அவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். “அண்ணா, மேலேயிருந்து இலையை எந்த வழியா இறக்குவாங்க?” என்று கேட்டால் போதும், எந்த வரைபடமும் காட்டாத ஆபத்துகளை அவர் விரல் நீட்டிக் காட்டிவிடுவார்.

எல்லா ஆலையும் பார்க்கத் தகுந்ததன்று. கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையின் வளாகம் பாதரசத்தால் மாசுபட்ட இடம். பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் மணமும் இல்லை. தூசிக்கான முகக்கவசம் அதைத் தடுக்காது. ஊட்டி இந்து நகரில் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை படமெடுப்பவர்களுக்கு ஆசை காட்டும் என்பது உண்மைதான். ஆனால் அது அரசுச் சொத்து, வேதிப்பொருள்களைக் கையாண்ட இடம். அனுமதியில்லையென்றால் சாலையோடு நின்றுவிடுவதே முறை.

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஏற்ற காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் அங்கே மண் சரியும். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தில் ஜூன் தொடங்கி மழை கொட்டும். யானை நடமாட்டமும் உண்டு. எந்தப் பருவமானாலும் காலை பத்து மணிக்குமேல் நுழைந்து பிற்பகல் இரண்டுக்குள் வெளியே வந்துவிடுங்கள். மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடி தூரத்தில் நிற்கும் காட்டெருமைகூடக் கண்ணில் படாது.

ஆளில்லாத கட்டிடம் கரடிக்கும் சிறுத்தைக்கும் பகலில் ஒதுங்கும் இடம். 2023 நவம்பரில் குன்னூரில் வீட்டுக்குள் புகுந்த சிறுத்தை பலரைக் காயப்படுத்தியதை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆகவே வாசலுக்குச் சற்றுத் தள்ளி நின்று, உரக்கப் பேசி, தகரத்தைத் தட்டி, சில நிமிடம் காத்திருங்கள். புதிய எச்சமோ நகக்கீறலோ தென்பட்டால் திரும்பிவிடுங்கள். கூரையின் விளிம்பை நிமிர்ந்து பார்ப்பதும் அவசியம். மலைத்தேனீக் கூடு தொங்கினால் அந்தப் பக்கமே வேண்டாம். அன்றைக்கு வாசனைத் திரவியமும் பூச வேண்டாம்.

இனி உள்ளே. பச்சை இலை முதலில் மேல்தளத்துக்கு ஏறும். வலைப்பரப்பில் பரப்பி, காற்றோட்டத்தில் பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ வாட்டுவார்கள். அத்தனை ஜன்னல்கள் இருப்பது இதற்காகத்தான். வாடிய இலையைக் கீழே அரைக்கும் இயந்திரங்களுக்குத் தள்ள, மேல்தளத் தரையில் சதுரத் துளைகள் வெட்டியிருப்பார்கள். ஆலை மூடியதும் அவற்றின்மேல் ஒரு பலகையோ தகரத்துண்டோ போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அதன்மேல் தூசியும் சருகும் படிந்தபின் தரைக்கும் துளைக்கும் வேறுபாடு தெரியாது. கைவிளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தால், தகரத்தின் விளிம்பு மெல்லிய நிழற்கோடாகத் தெரியும். அந்தக் கோடு தெரிந்த இடத்தில் கால் வைக்காதீர்கள். தளம் மரப்பலகையால் ஆனதென்றால் என் கருத்து எளியது: ஏறவே ஏறாதீர்கள், கீழ்த்தளத்தில் நின்று துளையின் வழியே அண்ணாந்து பாருங்கள். ஒளி விழும் விதத்தால் படமும் அங்கிருந்துதான் நன்றாக வரும்.

கீழ்த்தளத்தில் இயந்திரங்கள் பெரும்பாலும் பழைய இரும்புக்குப் போயிருக்கும். எஞ்சியிருப்பவை அடித்தளத் திண்டுகளும், நிமிர்ந்து நிற்கும் போல்ட்டுகளும், நீர் தேங்கிய குழிகளும்தான். சில பழைய ஆலைகளில் பெல்ஃபாஸ்டில் செய்த சிராக்கோ உலர்த்திகளின் வார்ப்பிரும்புப் பெயர்ப்பலகையைக் காணும் பேறு கிடைக்கும். அதைப் படமெடுங்கள், கழற்றாதீர்கள். இலை புளித்துச் செம்பு நிறமாக மாறிய அறை எப்போதும் ஈரமாக வைக்கப்பட்டதால், அங்கே சிமெண்ட் தளம் பாசி படிந்து வழுக்கும். அடுத்தது உலர்த்தி, அதன் பின்னே விறகு எரித்த உலை. உலைக்குள்ளோ புகைவழிக்குள்ளோ மூடிய இரும்புத் தொட்டிக்குள்ளோ தலையை நுழைக்கக் கூடாது: இரும்பு துருப்பிடிக்கும்போது மூடிய இடத்தின் பிராணவாயுவைத் தின்றுவிடும், உள்ளே போனவருக்கு மயக்கம் வருவதுகூடத் தெரியாது. கடைசியில் வரும் சலிக்கும் அறையில் தேயிலைத் தூசியோடு வௌவால் எச்சமும் சேர்ந்திருக்கும். என்95 முகக்கவசம் அணியாமல் அங்கே காலடி எடுத்து வைக்க வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் ஓடுகள் உடைந்து கிடந்தால் மிதித்து நொறுக்காதீர்கள். ஒயர் அறுந்து தொங்குகிறதென்றால் மின்சாரம் இல்லையென்று முடிவுசெய்யாமல், இருப்பதாகவே எண்ணி விலகி நடங்கள்.

கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை: ஆணி ஏறாத தடித்த அடிப்பகுதியுள்ள காலணி, ஆளுக்கு இரண்டு கைவிளக்கு, கையுறை, முதலுதவிப் பை, அட்டைப்பூச்சிக்கு உப்பு. ஒருமுறை பயன்படுத்தும் நெகிழித் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை இருப்பதால் எஃகுக் குடுவையே சரி. மூன்று பேருக்குக் குறையாமல் போங்கள். ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் உடனிருக்க, மற்றவர் கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்கும் மேட்டுக்குப் போய் 108-ஐ அழைக்கலாம். எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதைக் கீழே தேநீர்க் கடையிலாவது சொல்லிவைக்க வேண்டும்.

படங்களைப் பகிரும்போது இடக்குறியீட்டை நீக்கிவிடுங்கள். உரிமையாளர் பெயரைச் சொல்லலாமா என்பதை அவரிடமே கேளுங்கள். வெளியே வந்ததும் உடன் வந்தவர்களை எண்ணிப் பார்த்து, காவலாளியிடம் சொல்லிவிட்டு, காலணியையும் காலுறையையும் கழற்றி அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். தூசி படிந்த மேலுடையை வண்டிக்குள் உதறாமல் தனிப்பையில் கட்டிக் கொண்டுபோய், வீட்டில் தனியாகத் துவைக்க வேண்டும். ஆணியோ தகரமோ கீறியிருந்தால் அன்றைக்கே அரசு மருத்துவமனையில் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.