விவாகரத்து மனுவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் புதிதாகத் தொழிலுக்கு வந்த வழக்கறிஞர்கள் தயாரிக்கும் விவாகரத்து ஆவணங்கள் அடிக்கடி என் மேசைக்கு வருகின்றன. தொடக்க காலத்தில் நான் எழுதிய அதே மொட்டை வாசகங்கள் அவற்றில் இன்னமும் உயிரோடு இருக்கின்றன. பெயரில் எழுத்துப் பிழை, அடையாள அட்டை எண் தவறு போன்றவற்றை விட்டுவிடுகிறேன்; அவற்றை நீதிமன்ற முகப்பில் இருப்பவரே கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். இங்கே பேசுவது முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டத்தைப் பற்றி மட்டுமே.

‘வீடு மனைவிக்கு’

கணவன் மனைவி இருவரும் சம்மதித்தால் 52ஆவது பிரிவின்கீழ் கூட்டு மனு போடலாம். யார்மேல் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை, செலவும் குறைவு. தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த பல குடும்பங்களுக்குச் சொத்து என்று இருப்பது ஒரே ஒரு மலிவு விலை வீடு. அதைப் பற்றி மனுவில் எழுதப்படுவது ‘வீடு மனைவிக்கு’ என்ற இரண்டு சொற்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஓர் அக்கா என்னிடம் வந்தார். விவாகரத்தை வேறொருவர் முடித்துக் கொடுத்திருந்தார். கிராண்டில், அதாவது வீட்டின் உரிமைப் பத்திரத்தில், கணவரின் பெயர் மட்டும்; வங்கிக் கடனில் இருவர் கையொப்பமும். தீர்ப்பு வந்ததும் கணவர் ஜொகூருக்கு வேலைக்குப் போனார், தவணை கட்டுவதை நிறுத்தினார், தொலைபேசி எண்ணையும் மாற்றினார். வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்தது. “லாயர், கோர்ட் கொடுத்த காகிதமே கையில் இருக்கிறதே, வங்கி ஏன் ஒத்துக்கொள்ள மறுக்கிறது?” என்று கேட்டார்.

அந்த வழக்கில் வங்கி ஒரு தரப்பே இல்லை. கணவனும் மனைவியும் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு, கடன் கொடுத்தவரைக் கட்டாது. இருவரும் கடனாளிகளாகவே நீடிக்கிறார்கள். பெயர் மாற்றத்துக்கு 14ஏ பாரத்தில் கணவர் கையொப்பமிட வேண்டும். எந்தத் தேதிக்குள், யார் செலவில் என்று மனுவில் இல்லை. அவர் கையொப்பமிடாவிட்டால் அவருக்குப் பதிலாக நீதிமன்றப் பதிவாளர் கையொப்பமிடலாம் என்ற வரியும் இல்லை. போதாததற்கு அந்தக் கிராண்டில், மாநில அரசின் அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது என்ற நிபந்தனை. மலிவு விலை வீடுகளில் இது சர்வ சாதாரணம். ஆனாலும் மனுவை எழுதியவர் கிராண்டைப் புரட்டியே பார்க்கவில்லை.

அக்கா மறுபடியும் ஈப்போ உயர் நீதிமன்றப் படியேறினார். பழைய கணவர் இருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து ஆவணங்களைச் சேர்ப்பிப்பதற்குள், விவாகரத்துக்கு ஆனதைவிட அதிகமாகச் செலவாகிவிட்டது.

ஆகவே கையொப்பத்துக்கு முன்பே நில அலுவலகத்தில் கிராண்டின் விவரங்களைத் தேடிப் பாருங்கள். மனைவியின் சம்பளத்தை மட்டும் வைத்துக் கடனை அவர் பெயருக்கு மாற்ற வங்கி சம்மதிக்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சம்மதிக்காது என்றால், இத்தனை மாதத்துக்குள் விற்று இன்ன விகிதத்தில் பங்கிடுவது என்று எழுதுங்கள். அதுவரை தவணையை யார் கட்டுவது என்பதும் இருக்கட்டும். “அடுத்த வாரமே முடித்துக் கொடுங்கள்” என்று கட்சிக்காரர் கெஞ்சுவார். கெஞ்சட்டும்.

‘நியாயமான ஜீவனாம்சம்’

யாருக்கு எது நியாயம்? தொகையையும், மாதத்தில் எந்த நாள், எந்தக் கணக்கு என்பதையும் எழுதுங்கள். மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட பாக்கியை வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது என்பதால், கட்சிக்காரரிடம் “பொறுத்துப் பாருங்கள்” என்று சொல்லாதீர்கள். இன்னொன்று: பிள்ளைக்கு 18 வயது வரை என்று பழைய மாதிரிப் படிவங்கள் சொல்லும். 2018 டிசம்பர் 15 முதல் நடப்பில் உள்ள திருத்தத்தின்படி, உயர்கல்வியோ பயிற்சியோ முடியும்வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். படிவத்தைத் தூக்கிப் போடுங்கள்.

‘அவர் எப்படியும் வரமாட்டார்’

ஒருவர் மட்டும் மனு போடுவதாக இருந்தால், பொதுவாக முதலில் சமரசக் குழுவுக்குப் போயாக வேண்டும். பலரும் தேசியப் பதிவிலாகா வழியாகவே போகிறார்கள். மற்றவர் வேண்டுமென்றே வராமல் இருந்தால் விலக்கு உண்டு. ஆனால் முறையாக அழைத்த பிறகுதானே அவர் வரவில்லை என்று சொல்ல முடியும்?

கோயிலில் தாலி, பதிவிலாகாவில் ஒன்றுமில்லை

இந்தச் சட்டம் நடப்புக்கு வந்த 1982 மார்ச் 1க்குப் பிந்திய திருமணமா? கதை கேட்பதற்கு முன் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள்.

டிகிரி நைசை வந்ததும் மண்டபம் தேடுவது

டிகிரி நைசை என்பது இடைக்கால விவாகரத்துத் தீர்ப்பு; அது இறுதி ஆணை அல்ல. பொதுவாக மூன்று மாதம் கழித்தே இறுதியாகும். அதற்குள் மறுமணம் செய்தால் அது குற்றம்.

ஊழியர் சேமநிதியில் வாரிசாகப் போட்ட பெயர்

விவாகரத்து அதைத் தானாக நீக்காது. போய் மாற்றச் சொல்லுங்கள்.