சனிக்கிழமைத் தாள்

முடக்குவாதம் வந்து ஒன்பது வருடமாகிறது. காலையில் விரல் மடங்க முக்கால் மணி நேரம் ஆகும். அதுகூடப் பழகிவிட்டது. மாத்திரைக் கணக்குதான் பெரிய பாடு.

முடக்குவாதத்துக்கு நான் சாப்பிடும் மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறைதான். தவறிப்போய்த் தினமும் விழுங்கினால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து. எனக்குச் சனிக்கிழமை இரவு, 2.5 மில்லிகிராமில் ஆறு. மறுநாள் அசதியாக இருக்கும், ஞாயிறென்றால் படுத்துக்கொள்ளலாம். (சனிக்கிழமை மருந்து தொடங்கக்கூடாது என்று அம்மா முணுமுணுத்தது வேறு கதை.)

சமையலறையில் தினத்தாள் காலண்டர் மாட்டியிருக்கிறேன். மாத்திரை உள்ளே போன பிறகுதான் சனிக்கிழமைத் தாளைக் கிழிப்பேன். ஒருமுறை பேரன் முந்திக்கொண்டு கிழித்துவிட்டான். சாப்பிட்டேனா இல்லையா? சந்தேகத்தில் இன்னொரு முறை சாப்பிடவே கூடாது. மாத்திரை அட்டையை எடுத்து எண்ணித்தான் நிம்மதியானேன். அன்றிலிருந்து அட்டையின் பின்னால் மிச்சத்தையும் எழுதிவைக்கிறேன்.

மெத்தோட்ரெக்ஸேட்டின் பக்கவிளைவைக் குறைக்கும் ஃபோலிக் அமிலம் எனக்குத் திங்கட்கிழமை. உங்களுக்கு எந்த நாள் என்பதை மருத்துவர் சொல்வார். இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரை, ஒரே டப்பாவில் போடாதீர்கள். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தால் பசியாறிய பிறகு சாப்பிடுங்கள். வலி குறைந்தது என்று நீங்களாக நிறுத்த வேண்டாம். காய்ச்சல் வந்தால் பொறுத்துப் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போன் போடுங்கள். வேறு கிளினிக்கில் ஆன்டிபயாடிக் எழுதினால் மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுவதை முதலில் சொல்லுங்கள். டிரைமெத்தோபிரிம் என்ற ஆன்டிபயாடிக் இதோடு ஒத்துவராது.

கைவைத்தியத்தை நான் விடவில்லை. சிங்கப்பூர்த் தேக்காவில் வாங்கும் பிண்ட தைலம், வெந்நீரில் கை முக்குவது, இரண்டும் இதம். வாய்க்குள் போவதென்றால்தான் பயம். தெரிந்தவர் ஒருவர் லேபிள் இல்லாத மூட்டுவலி உருண்டை கொடுத்தார். இரண்டே நாளில் வலி மாயம்! அவ்வளவு வேகமா என்றுதான் சந்தேகம் வந்தது. மருந்தாளரிடம் காட்டினேன், உடனே மருத்துவரிடம் அனுப்பினார். இப்படிப்பட்ட பொருள்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது.

ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். மெத்தோட்ரெக்ஸேட்டால் கல்லீரல் கெட்டால் வெளியே தெரியாது. முடிவுகளை ஹெல்த்ஹப் செயலியில் பார்க்கலாம். நாட்பட்ட நோய்த் திட்டத்தில் முடக்குவாதமும் இருப்பதால் மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் பயன்படும், கேட்டுப்பாருங்கள். போகும்போது தைலம், மஞ்சள் கிழங்கு கேப்சூல் எல்லாவற்றையும் ஒரே பையில் அள்ளிக்கொண்டு போங்கள். போத்தல் மூடியைத் திருக முடியவில்லை என்றால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் இரண்டு வருடம் பல்லால் கடித்துத் திறந்துகொண்டிருந்தேன்.