வெளிநாட்டில் பொருளாதார மந்தம் வந்தால் வேலை, விசா, வீடு மூன்றும் ஒன்றாகச் சரியாமல் பார்த்துக்கொள்வது எப்படி

துபாயிலோ நியூஜெர்சியிலோ இருக்கும் பிள்ளை போன் பண்ணி "ஆபீஸில் ஆள் குறைக்கப் போறாங்களாம்" என்று சொன்னதும், நங்கநல்லூரிலும் வேளச்சேரியிலும் இருக்கும் பெற்றோர் முதலில் கேட்பது "வேற வேலை தேடுறியாப்பா?" என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: "வேலை போனால் அந்த ஊரில் எத்தனை நாள் இருக்கலாம்?"

சென்னையில் வேலை போனால் சம்பளம் நிற்கும், அவ்வளவுதான். அங்கே சம்பளத்தோடு விசா போகும், விசாவோடு மருத்துவக் காப்பீடு, பிள்ளைகளின் பள்ளி, வீட்டு வாடகை எல்லாம் ஆட்டம் காணும், போதாக்குறைக்கு அந்த ஊரிலேயே வீடு வாங்கியிருந்தால் அதை விற்க நினைக்கும் நேரத்தில்தான் எல்லோரும் விற்க நிற்பார்கள். எல்லாம் ஒரே ஆணியில் மாட்டியிருக்கிறது. அந்த ஆணி ஆடத் தொடங்குவதற்கு முன்பே ஒவ்வொன்றாக எடுத்து வேறு இடத்தில் மாட்டிவிட வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதலில் நாள் கணக்கு. அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போன நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள். அதற்குள் புதிய கம்பெனி மனு போட வேண்டும், இல்லையென்றால் வேறு விசா வகைக்கு மாற விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் கிளம்ப வேண்டும். "ஊருக்கு வந்து நிதானமா வேலை தேடிக்கிட்டுத் திரும்பப் போகலாம்" என்ற பழைய யோசனை இப்போது ஆபத்தானது, ஏனென்றால் 2025 செப்டம்பரில் வந்த உத்தரவு செல்லுபடியாகும் எச்-1பி விசா கையில் இல்லாமல் அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்காகப் போடும் புது எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் வைத்துவிட்டது. மந்த காலத்தில் எந்தக் கம்பெனி அதைக் கட்டும்? முடிந்தவரை உள்ளே இருந்துகொண்டே மனுவைப் போடப் பாருங்கள். கம்பெனி நிலைமை சரியில்லை என்று தெரிந்த மாதத்தில் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை வாங்க சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு வருவதையும் தள்ளிப் போடுங்கள். சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி ரத்தானால் பொதுவாக 30 நாள்தான். அமீரகத்தில் விசா வகையைப் பொறுத்து 30 நாளிலிருந்து 180 நாள் வரை போகும். உங்களுக்கு எத்தனை நாள் என்பதை வேலை இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அமீரகத்தில் வேலை பார்ப்பவர்கள் கவனிக்க இன்னும் இரண்டு விஷயங்கள். 2023 ஜனவரியிலிருந்து அங்கே வேலையிழப்புக் காப்பீடு கட்டாயம். அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹாம் வரை உள்ளவருக்கு மாதம் 5 திர்ஹாம்தான் பிரீமியம், தொடர்ந்து 12 மாதம் கட்டியிருந்தால் அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம் மூன்று மாதம் வரை கிடைக்கும். ஆனால் நீங்களாக ராஜினாமா செய்தால் கிடைக்காது. எச்.ஆர். கூப்பிட்டு "நீங்களே பேப்பர் போட்டுடுங்க, உங்களுக்கு நல்லது" என்று இனிக்க இனிக்கப் பேசினால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டாவது கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது கம்பெனி தரும் பணிக்கொடை. முதல் ஐந்து ஆண்டுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். மொத்தச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டு மனக்கோட்டை கட்டுபவர்கள் நிறைய பேர். அடிப்படை என்று ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

அப்புறம் கடன். எங்கள் பெரியம்மா மகன் ஷார்ஜாவில் இருந்தபோது வேலை போன வாரம் நடந்ததை நேரில் கேட்டிருக்கிறேன். கம்பெனி கடைசி செட்டில்மென்ட் பணத்தைக் கணக்கில் போட்டது. அன்று மாலை கார்டை எடுத்துக்கொண்டு ஏ.டி.எம். போனால் பணம் வரவில்லை. தனிநபர் கடன் இருந்ததால் பேங்க் கணக்கையே முடக்கிவிட்டது. வீட்டில் அண்ணி, இரண்டு குழந்தைகள், பர்ஸில் சில நூறு திர்ஹாம். பேங்க் ஒன்றும் விதியை மீறவில்லை, கடன் பத்திரத்தில் அந்த உரிமை எழுதித்தான் இருந்தது, அண்ணன்தான் என்ன செய்வார், அந்தப் பக்கங்களை யார் படிக்கிறார்கள்? அதனால் கடன் உள்ள பேங்கிலேயே எல்லாச் சேமிப்பையும் வைக்காதீர்கள். மூன்று மாதச் செலவுக்கான பணம் கடன் இல்லாத வேறு பேங்கில் இருக்கட்டும், மீதி மாதாமாதம் சென்னையில் உள்ள என்.ஆர்.இ. கணக்குக்கு, அதாவது வெளிநாட்டில் வசிப்பவர் அங்கே சம்பாதித்ததை ரூபாயில் போட்டு வைக்கும் கணக்குக்கு, வந்துவிடட்டும்.

"கடனை அப்படியே விட்டுட்டு ஃப்ளைட் ஏறிட வேண்டியதுதான்" என்று ஆலோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். 2009-இல் துபாயில் பலர் அப்படித்தான் வந்தார்கள். அப்போது செக் திரும்பினால் ஜெயில் என்ற பயம் இருந்தது. 2022 ஜனவரிக்குப் பிறகு, பணமில்லாமல் திரும்பும் செக் பெரும்பாலும் சிவில் விவகாரம் ஆகிவிட்டது. ஆனால் 2020 ஜனவரியில் இந்திய அரசு இன்னொரு காரியம் செய்தது. அமீரக சிவில் நீதிமன்றத் தீர்ப்புகளை இங்கே உள்ள மாவட்ட நீதிமன்றத்தில் நேரடியாக நிறைவேற்றலாம் என்று அறிவித்துவிட்டது. சிங்கப்பூர், பிரிட்டன் தீர்ப்புகளுக்கு அது முன்பே உண்டு. அங்கே பாக்கி வைத்த கடனுக்காக இங்கே மடிப்பாக்கத்து வீட்டின் மேல் கை வைக்க வழி இருக்கிறது என்று அர்த்தம். எனவே பேங்கில் போய் உட்கார்ந்து தவணையை நீட்டிக்கச் சொல்லிப் பேசி, பேசியதை எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள். மந்த காலத்தில் பேங்குகளும் இறங்கி வரும்.

இனி வீடு. வெளிநாட்டில் வாங்கியதற்கும் சென்னையில் வாங்கியதற்கும் கணக்கு வேறு.

அங்கே வீடு வாங்கியவருக்கு நான் சொல்லும் சோதனை ஒன்றுதான்: நாளைக்கே நீங்கள் ஊர் திரும்பினால், வரும் வாடகை கடன் தவணையையும் மெயின்டனன்ஸையும் தாங்குமா? வாடகையை இன்றைய அளவில் வைக்காமல் கால் பங்கு குறைத்து வைத்துப் பாருங்கள். தாங்கினால் அவசரப்பட்டு விற்க வேண்டாம். தாங்காவிட்டால் சந்தை நன்றாக இருக்கும்போதே விற்பதுதான் புத்தி. 2008-இல் உச்சத்தில் இருந்த துபாய் வீட்டு விலை அடுத்த ஓரிரு ஆண்டில் ஏறக்குறைய பாதியாக இறங்கியது. 2009 நவம்பரில் துபாய் அரசின் துபாய் வேர்ல்ட் நிறுவனமே கடனைத் திருப்பித் தர அவகாசம் கேட்டு நின்றது. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் பணம் போட்டிருந்தால் இன்னும் ஜாக்கிரதை. உங்கள் தவணை நின்றுபோனால், கட்டிடம் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்து, கட்டுநர் விலையில் 40 சதவீதம் வரை பிடித்துக்கொள்ள துபாய் சட்டமே இடம் தருகிறது. பணத்தை அந்தத் திட்டத்தின் எஸ்க்ரோ கணக்கில், அதாவது அந்தக் கட்டிடத்துக்கென்றே தனியாக ஒதுக்கிய கணக்கில், மட்டும் கட்டுங்கள், ஏஜென்ட் தரும் வேறு எந்தக் கணக்கிலும் வேண்டாம். அமெரிக்காவில் வீடு இருந்து, வரிக் கணக்கில் வெளிநாட்டவர் ஆன பிறகு விற்றால், விற்ற விலையில் பொதுவாக 15 சதவீதத்தை வாங்குபவர் பிடித்து வரித்துறையிடம் கட்டிவிடுவார். கணக்குத் தாக்கல் செய்துதான் மீதியைத் திரும்பப் பெற வேண்டும். அந்தப் பணத்தை நம்பி இங்கே தேதி குறிக்காதீர்கள்.

சென்னையில் வாங்கிய ஃபிளாட்டை எல்லோரும் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு கவலை உண்டு. நியூஜெர்சியில் சாஃப்ட்வேர் வேலை, சேமிப்பு முழுவதும் சோழிங்கநல்லூரில் இரண்டு ஃபிளாட். அமெரிக்காவில் மந்தம் வந்தால் சோழிங்கநல்லூர் வழியாகப் போகும் ஓ.எம்.ஆர். சாலைக் கம்பெனிகளுக்கும் புராஜெக்ட் குறையும், அந்த ஃபிளாட்டுகளில் வாடகைக்கு இருப்பவர்களும் அதே தொழிலில்தான் இருக்கிறார்கள். இரண்டு முட்டையும் ஒரே கூடையில்தான், கூடையின் கைப்பிடி மட்டும் கடல் தாண்டி நீள்கிறது. ஒன்றையாவது டெபாசிட்டாகவோ வேறு பகுதியில் மனையாகவோ வைத்திருப்பது நல்லது.

அவசரத்துக்கு சென்னை ஃபிளாட்டை விற்க நேர்ந்தால், டி.டி.எஸ்., அதாவது வாங்குபவர் விலையிலிருந்து முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வரி, அந்த விஷயம் தெரியாமல் இறங்காதீர்கள். விற்பவர் இங்கே வசிப்பவராக இருந்தால் 50 லட்சத்துக்குக் கீழே பிடித்தமே இல்லை. என்.ஆர்.ஐ. என்றால் கதை வேறு. 40 லட்சத்துக்கு வாங்கி இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்து 48 லட்சத்துக்கு விற்கிறார் என்று வையுங்கள். லாபம் 8 லட்சம், அதற்கு வரி 12.5 சதவீதமும் செஸ்ஸும் சேர்ந்து சுமார் 1.04 லட்சம். ஆனால் வாங்குபவர் பொதுவாக முழு 48 லட்சத்துக்கும் கணக்குப் போட்டு 6.24 லட்சத்தைப் பிடிப்பார். வேலை இல்லாமல் இருக்கும்போது ஐந்து லட்சத்துக்கு மேல் ரீஃபண்டுக்காகக் காத்துக் கிடக்கும். பத்திரப் பதிவுக்கு முன்பே வருமான வரித்துறையில் குறைந்த பிடித்தச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால் இது தவிரும், அதற்குச் சில வாரம் பிடிக்கும், ஆகவே விளம்பரம் கொடுக்கும்போதே ஆடிட்டரிடம் போய்விடுங்கள். அப்பா பெயருக்கு பவர் எழுதிக் கொடுத்து விற்பதாக இருந்தால், அந்த ஊர் இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கிய பவர் பத்திரத்தை இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டி முறைப்படுத்த வேண்டும். பதிவின்போது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றும் கேட்பார்கள், அது பழசாக இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து திரும்பி வர வேண்டியதுதான்.

ரூபாய் பக்கம் ஒரு நல்ல செய்தியும் உண்டு. உலகம் முழுக்க மந்தம் வரும்போது ரூபாய் பெரும்பாலும் இறங்குகிறது. 2008 தொடக்கத்தில் 40 ரூபாய்க்குக் கீழே இருந்த டாலர் 2009 மார்ச்சில் 50-ஐத் தாண்டியது. திர்ஹாம் டாலரோடு கட்டப்பட்டது, அதனால் அதுவும் கூடவே ஏறும். வேலை இன்னும் இருக்கிறது, சென்னையில் வீட்டுக் கடன் இருக்கிறது என்றால் அசலைக் குறைக்க அதைவிட நல்ல நேரம் இல்லை. இங்கே ரூபாயில் சம்பளம் வாங்கிக்கொண்டு அங்கே தவணை கட்டுபவருக்கு இதுவே தலைகீழ். இங்கே வசிப்பவர் வெளிநாட்டில் வீடு வாங்க ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம், 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். என்ற முன்வரி பிடிப்பார்கள், அதைக் கணக்குத் தாக்கலில் ஈடு செய்துகொள்ளலாம். விலை விழுந்திருக்கிறதே என்று அகலக்கால் வைக்கும் முன், அடுத்த ஐந்து ஆண்டுத் தவணையைக் கூடுதல் விலை டாலரில் போட்டுப் பாருங்கள்.

பயணம் பற்றிச் சுருக்கமாக. மந்தத்தில் டிக்கெட் மலிவாகும், விமான நிறுவனங்களும் விழும். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மேயில் கோ ஃபர்ஸ்ட், இரண்டும் டிக்கெட் விற்ற கையோடு பறப்பதை நிறுத்தின. கிரெடிட் கார்டில் வாங்குங்கள், சேவை கிடைக்காவிட்டால் பேங்கிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திரும்ப, கேட்கலாம். சுற்றுலா போகும் நாடே நெருக்கடியில் இருந்தால் பணம் மலிவு என்பதை மட்டும் பார்க்காதீர்கள். 2022-இல் இலங்கையில் ஒரு டாலருக்கு 200 ரூபாயாக இருந்தது 360-ஐ ஒட்டிப் போனது, ஆனால் டாக்ஸிக்கு பெட்ரோல் இல்லை.

திரும்பி வருவதென்று முடிவாகிவிட்டால், வந்த உடனே பேங்கில் சொல்லி என்.ஆர்.இ. கணக்கை உள்ளூர்க் கணக்காகவோ, திரும்பியவர்கள் வெளிநாட்டுப் பணமாகவே வைத்துக்கொள்ளும் ஆர்.எஃப்.சி. கணக்காகவோ மாற்றுங்கள். வெளிநாட்டுப் பணத்தில் போட்ட எஃப்.சி.என்.ஆர். டெபாசிட்டை முதிர்வு வரை அப்படியே விடலாம். பல ஆண்டு வெளியே இருந்தவருக்குத் திரும்பிய பிறகு வழக்கமாக இரண்டு, சிலருக்கு மூன்று ஆண்டு, வெளிநாட்டு வாடகைக்கும் வட்டிக்கும் இங்கே வரி வராத நிலை உண்டு. அங்கே உள்ள வீட்டை விற்பதாக இருந்தால் அந்த ஆண்டுகளுக்குள் விற்பது லாபம். அது முடிந்த பிறகு வெளிநாட்டு வீடு, கணக்கு எல்லாவற்றையும் வருமான வரிப் படிவத்தில் காட்டியே ஆக வேண்டும், மறைத்தால் அபராதம் 10 லட்சம் ரூபாய். திரும்பி வருகிறவர் ஃப்ளைட் ஏறும் முன் சம்பளச் சான்று, அனுபவக் கடிதம், கடன் முடிந்ததற்கான கடிதம், பிள்ளைகளின் டி.சி. ஆகியவற்றை அங்கேயே சான்றொப்பம் வாங்கிக் கையோடு கொண்டு வரட்டும். இங்கே வந்த பிறகு பூட்டிய கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம் வாங்குவது மிகவும் கஷ்டம்.