பையனுக்கு ‘பிட்’ வந்திருக்கிறதா? ஃபிரட்டர்னிட்டியில் சேரும் முன் பார்க்க வேண்டியவை

“அப்பா, எனக்கு பிட் வந்திருக்கு!”

பையன் கல்லூரிக்குப் போய் மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. மதுரையில் படித்த எனக்கு பிட் என்றால் பரீட்சை ஹாலில் சட்டைக் கைமடிப்புக்குள் ஒளித்து வைக்கிற துண்டுச் சீட்டு. ஹூஸ்டனில் இருபது வருடம் குப்பை கொட்டியும் எனக்கு அந்த ஒரு அர்த்தம்தான் தெரிந்திருந்தது. திக்கென்றது. “யார் பிடிச்சாங்க?” என்று கேட்டுவிட்டேன்.

அவன் சொன்ன பிட் வேறு. ஃபிரட்டர்னிட்டி என்பது அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துப் பெயரோடு இருக்கிற மாணவர் சங்கம். அப்படி ஒரு சங்கம், “எங்களோடு வந்து சேர்” என்று கொடுக்கிற அழைப்பு அது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். எனக்கும் மனைவிக்கும் அதைப்பற்றி அரிச்சுவடிகூடத் தெரியாது. அன்றிலிருந்து கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். பெண் பிள்ளைகள் சேருவது சொராரிட்டி. பெரும்பாலானவை இரண்டுக்கும் பொருந்தும்.

படி 1: எந்த வகை என்று பாருங்கள்

கிரேக்க எழுத்து இரண்டோ மூன்றோ பெயரில் இருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. ஃபை பீட்டா கப்பா 1776-ல் வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் மாணவர்களின் ரகசியச் சங்கமாகத் தொடங்கியது. கிரேக்க எழுத்துப் பெயர் வைக்கும் வழக்கமே அதிலிருந்து வந்ததுதான். ஆனால் இன்று அது நன்றாகப் படிக்கிறவர்களுக்கான கௌரவச் சங்கம். அதிலிருந்து கடிதம் வந்தால் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லலாம்.

அடுத்தது தொழில்சார்ந்தவை. வணிகம் படிப்பவர்களுக்கு ஆல்ஃபா கப்பா சை, பொறியியலுக்குத் தீட்டா டாவ் என்று துறைவாரியாக இருக்கின்றன. ஆண், பெண் இருபாலரும் சேரலாம். மூன்றாவது சோஷியல் ஃபிரட்டர்னிட்டி. தனி வீடு, பார்ட்டி, வாழ்நாள் சகோதரத்துவம் என்று சினிமாவில் பார்ப்பதெல்லாம் இந்த வகைதான். இந்தப் பதிவும் பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

சோஷியல் வகைக்குள்ளும் கிளைகள் உண்டு. கறுப்பின மாணவர்களின் ஒன்பது சங்கங்களை டிவைன் நைன் என்பார்கள். அதில் முதலாவதான ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா 1906-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. மார்ட்டின் லூதர் கிங் அதன் உறுப்பினர். நம் துளசேந்திரபுரத்துப் பேத்தி கமலா ஹாரிஸ் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தபோது சேர்ந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவும் அந்த ஒன்பதில் ஒன்று. 1990-களில் தெற்காசிய மாணவர்களும் தங்களுக்கென்று தொடங்கினார்கள். டெல்டா எப்சிலான் சை 1998-ல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது. “நம்ம பசங்க நடத்துறது, பயமில்லை” என்று அங்கே மட்டும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். ஏன் என்று படி 5-ல் சொல்கிறேன்.

படி 2: அவசரப்படாதீர்கள்

செமஸ்டர் தொடங்கியதும் சில வாரம் ‘ரஷ்’ நடக்கும். மாணவர்கள் ஒவ்வொரு ஃபிரட்டர்னிட்டி வீடாகப் போய்ப் பேசுவார்கள், சாப்பிடுவார்கள், பழகுவார்கள். கிட்டத்தட்டப் பெண் பார்க்கும் படலம்தான். பஜ்ஜி சொஜ்ஜிக்குப் பதில் பீட்சா. அந்த வீட்டுக்காரர்களுக்குப் பிடித்திருந்தால் பிட் கொடுப்பார்கள். ஏற்றுக்கொண்டால் சில வாரங்கள் ‘ப்ளெட்ஜ்’, அதாவது புதுமுகமாக இருக்க வேண்டும். கடைசியில் ரகசியச் சடங்கு ஒன்று நடத்தி முழு உறுப்பினராக்குவார்கள்.

முதல் செமஸ்டரிலேயே சேர்ந்தால்தான் உண்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடுத்த செமஸ்டரிலும் ரஷ் வரும். சில கல்லூரிகளில் முதல் செமஸ்டரில் சேரவே விடமாட்டார்கள். பெண்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. சொராரிட்டித் தேர்வின் கடைசி நாளில் கையெழுத்துப் போடுகிற படிவம் ஒரு வருடத்துக்குக் கட்டுப்படுத்தும். அதில் எழுதிக்கொடுத்த சங்கம் இடம் கொடுத்த பிறகு வேண்டாம் என்றால், அதே கல்லூரியில் வேறு சொராரிட்டியில் சேர அடுத்த வருடத் தேர்வு வரை காத்திருக்க வேண்டும். அதனால் மனசுக்குப் பிடிக்காத பெயரை ‘சும்மா இருக்கட்டும்’ என்று அந்தப் படிவத்தில் எழுத வேண்டாம்.

படி 3: கிளையின் ஜாதகத்தைப் பாருங்கள்

நாடு முழுக்க நூறு கிளை வைத்திருக்கும் ஃபிரட்டர்னிட்டியில் ஒரு கல்லூரிக் கிளை தங்கமாக இருக்கும், பக்கத்து ஊர்க் கிளை இழுத்து மூடப்பட்டிருக்கும். பெயரை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. உங்கள் பிள்ளை படிக்கிற கல்லூரியில் இருக்கிற கிளையைத்தான் விசாரிக்க வேண்டும்.

நல்லவேளையாக இப்போது இது சுலபம். புதுமுகங்களைக் கொடுமைப்படுத்துவதை இங்கே ஹேஸிங் என்பார்கள். 2024 டிசம்பரில் அமெரிக்காவில் ஸ்டாப் கேம்பஸ் ஹேஸிங் ஆக்ட் சட்டமானது. எந்தச் சங்கம் பிடிபட்டது, என்ன செய்தது, என்ன தண்டனை என்பதையெல்லாம் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் பொதுவில் போட வேண்டும் என்கிறது அது. எங்கள் டெக்சாஸில் 2019-லேயே இப்படி ஒரு மாநிலச் சட்டம் வந்துவிட்டது. கல்லூரியின் பெயரோடு ‘ஹேஸிங் ரிப்போர்ட்’ என்று சேர்த்துத் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

நாங்களும் தேடினோம். பையனுக்கு பிட் கொடுத்த வீடு அதில் இருந்தது. இரண்டு வருடம் முன்பு, புதுமுகங்களை நடுராத்திரியில் எழுப்பி வீட்டைக் கழுவவிட்டதற்காகக் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். நான் எதுவும் சொல்லவில்லை, அந்தப் பக்கத்தை அவனுக்கு அனுப்பினேன், அவ்வளவுதான். இரண்டு நாள் பேச்சே இல்லை. மூன்றாவது நாள், “வேண்டாம்னு சொல்லிட்டேன்” என்று ஒரு வரி வந்தது. மறு செமஸ்டரில் வேறொரு வீட்டில் சேர்ந்தான்.

படி 4: காசும் கையெழுத்தும்

செமஸ்டருக்குச் சில நூறு டாலரும் ஆகலாம், சில ஆயிரமும் ஆகலாம். மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் சந்தாவை மட்டும் சொல்வார்கள். தலைமையகக் கட்டணம், புதுமுகக் கட்டணம், காப்பீடு, ஃபார்மல் நடன விருந்து, கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம், அப்புறம் டி-ஷர்ட். எங்கள் வீட்டில் முதல் செமஸ்டரிலேயே ஆறு டி-ஷர்ட் சேர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 529 என்கிற கல்விச் சேமிப்புக் கணக்கின் பணத்திலிருந்து சந்தா கட்டாதீர்கள், அது கல்விச் செலவாகக் கணக்கில் வராது.

ஃபிரட்டர்னிட்டி வீட்டிலேயே தங்கப்போகிறான் என்றால் வாடகை ஒப்பந்தம் வரும். எங்களுக்கு வந்த ஒப்பந்தத்தில் ஜாமீன்தாரர் என்ற இடத்தில் என் பெயரை முன்னாலேயே டைப் செய்து வைத்திருந்தார்கள். சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தபோது ஏழாம் பக்கத்தில் அது கிடைத்தது: பையன் பாதியில் விலகினாலும், கிளையையே மூடினாலும், வருடம் முழுக்க வாடகை உண்டு. கிளை மூடினால் வாடகை இல்லை என்று மாற்றிக் கேட்டேன். மாற்றித் தந்தார்கள். கேட்டால்தானே தெரியும்.

காப்பீட்டைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஃபிரட்டர்னிட்டி எடுத்திருக்கும் காப்பீடு, விதிப்படி நடந்தவனைத்தான் காப்பாற்றும். மது, ஹேஸிங் விதிகளை மீறிய உறுப்பினரை அது கைவிட்டுவிட வாய்ப்பு அதிகம். அப்போது வழக்கு அந்தப் பையன் பெயரிலேயே வரும், பெற்றோரின் வீட்டுக் காப்பீடு வரைக்கும்கூட அது நீளும். உங்கள் ஏஜெண்டிடம் பத்து நிமிடம் பேசிவிடுங்கள்.

படி 5: ஹேஸிங் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள்

ராகிங் என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1996-ல் ராகிங்கில் நடந்த மருத்துவ மாணவர் நாவரசு கொலையைக் கேட்டு நடுங்கிய தலைமுறை நாம். அடுத்த வருடமே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. ஹேஸிங்கும் ராகிங்கும் உறவுக்காரர்கள்தான், ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ராகிங்கில் சிக்குகிறவன் ஓடிப்போகத்தான் பார்ப்பான். ஹேஸிங்கில் சிக்கியவனுக்கு உள்ளே போக ஆசை. “இன்னும் ரெண்டு வாரம்தானே” என்று பல்லைக் கடித்துக்கொள்வான். வீட்டிலும் சொல்லமாட்டான்.

2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நடந்தது இது. பிட்டை ஏற்றுக்கொண்டவர்களுக்கு வரவேற்பு இரவு. 19 வயதுப் பையன் ஒருவனுக்குக் குறுகிய நேரத்தில் அளவில்லாமல் மது கொடுத்தார்கள். அவன் நிலவறைப் படியிலிருந்து விழுந்தான். கூட இருந்தவர்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிடக் கிட்டத்தட்ட 12 மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். பையன் பிழைக்கவில்லை. 2013 டிசம்பரில் நியூயார்க் பருக் கல்லூரியின் முதலாமாண்டு மாணவர் ஒருவரை ஓர் ஆசிய அமெரிக்க ஃபிரட்டர்னிட்டி பென்சில்வேனியா மலைப்பகுதிக்குக் கூட்டிப்போனது. கண்ணைக் கட்டி, முதுகில் கனமான பையை மாட்டி, நடக்கவிட்டு இடித்துத் தள்ளினார்கள். அங்கேயும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாமதம். அவரும் இறந்துபோனார். இதற்காகத்தான் ‘நம்ம பசங்க’ கணக்கு வேண்டாம் என்றேன்.

இந்த இரண்டிலும் என்னைத் தூங்கவிடாதது அந்தத் தாமதம். போலீஸ் வரும், கிளையை மூடுவார்கள் என்று பயந்து இருபது பேர் நிற்பார்கள், ஒருவன்கூடப் போனை எடுக்கமாட்டான். அதனால் பிள்ளைகளிடம் ‘குடிக்காதே’ என்பதோடு நிறுத்தாதீர்கள். சட்டப்படி குடிக்க 21 வயது ஆக வேண்டும், அது அவனுக்கும் தெரியும். எவனாவது எழுப்பியும் எழாமல் கிடந்தால் யாரையும் கேட்காமல் அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிடு என்று சொல்லுங்கள். பல மாநிலங்களில் உதவிக்குக் கூப்பிட்ட மாணவனை மது வழக்கிலிருந்து விலக்கும் சட்டம் இருக்கிறது.

“அவனே ஒத்துக்கொண்டுதான் செய்தான்” என்பது டெக்சாஸ் சட்டத்தில் செல்லாது. நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதும் இங்கே குற்றம். பையன் சீனியர் ஆன பிறகு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அப்போது கூண்டில் ஏறப்போவது அவன். எஃப்-1 மாணவர் விசாவில் படிக்கிற பிள்ளைகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒரே ஒரு கைதுகூட விசாவுக்கு உலை வைக்கலாம்.

பெயர் சொல்லாமல் புகார் செய்ய 1-888-668-4293 என்ற ஹேஸிங் உதவி எண் இருக்கிறது. பிள்ளையின் போனில் இப்போதே பதிந்து வைக்கச் சொல்லுங்கள்.

படி 6: கல்லூரி உங்களைக் கூப்பிடும் என்று காத்திருக்காதீர்கள்

பள்ளிக்கூடத்தில் நகம் கிள்ளினால்கூட நமக்குப் போன் வரும். கல்லூரிக்குப் போய்விட்டால் மாணவனின் பதிவுகள் அவனுக்கே சொந்தம் என்பது ஃபெர்பா சட்டம். 21 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் மது, போதை விதிகளை மீறினால் பெற்றோருக்குச் சொல்லக் கல்லூரிக்கு அனுமதி உண்டு, கட்டாயம் இல்லை. மதிப்பெண் சரிவதும் கடைசியில்தான் நமக்குத் தெரியும். கிளையின் சராசரி ஜி.பி.ஏ.வைப் பல கல்லூரிகள் வெளியிடுகின்றன. அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

நாங்கள் செய்த ஏற்பாடு ஒன்று. மாட்டிக்கொண்டால் “பாட்டிக்கு இப்ப எப்படி இருக்கு?” என்று ஒரு மெசேஜ் போட வேண்டும். உடனே நான் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “பாட்டிக்கு சீரியஸ், கிளம்பி வா” என்று கத்துவேன். அவன் யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை.

ப்ளெட்ஜ் காலம் முழுக்க அந்த மெசேஜ் வரவில்லை. இரண்டாம் வருடம் ஒரு வியாழக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு வந்தது. கை நடுங்க டயல் செய்து, ஒப்பித்து வைத்திருந்ததை அப்படியே கத்தினேன். எதிர்முனையில் அவன் அழ ஆரம்பித்துவிட்டான். மதுரையில் என் அம்மாவுக்கு அன்றைக்குத்தான் கண்புரை ஆபரேஷன். நிஜமாகவே விசாரித்திருக்கிறான்.

குறிச்சொல்லை மாற்றிவிட்டோம்.