முழு பாக்கெட்டுக்கு முழு லிட்டர்: முதியோர் நீர்ச்சத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நிறைய தண்ணி குடிங்க" என்று பெரியவர்களிடம் சொல்லாத வீடு கிடையாது. அதை இங்கே மறுபடி சொல்லவில்லை. வயதானவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் புதிதாக ஏற்பவர்கள், அக்கறையோடுதான், திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள் வேறு.

ஓ.ஆர்.எஸ்-ஐக் கண்ணளவில் கலப்பது

பேதியாகும் பெரியவருக்கு ஒரு டம்ளர் தண்ணீரில் அரை பாக்கெட் ஓ.ஆர்.எஸ். பொடியை (பேதியில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் உப்பு-குளுக்கோஸ் கலவை) கொட்டிக் கொடுக்கிறார்கள். கேட்டால், "ஒரு லிட்டர் அவரால குடிக்க முடியாது" என்பார்கள். குடிக்க வேண்டியதே இல்லை. ஒரு லிட்டர் என்பது கலக்கும் அளவு.

உலக சுகாதார நிறுவனத்தின் கலவை லிட்டருக்கு 20.5 கிராம்: சோடியம் குளோரைடு 2.6, குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9. இந்த விகிதத்தில் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து குடல் சுவரைக் கடக்கும்போது தண்ணீரும் கூடவே உள்ளே போகிறது. 200 மி.லி. டம்ளரில் அரை பாக்கெட் போட்டால் கரைசல் இரண்டரை மடங்கு அடர்த்தியாகிவிடும். அப்போது உடம்பில் இருக்கும் நீரே குடலுக்குள் இழுக்கப்படும். பேதி கூடும், ரத்தத்தில் சோடியம் ஏறும். கொடுத்தும் நிற்கவில்லையே என்று அதே கலவையில் இன்னொரு டம்ளர் கொடுப்பார்கள். பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒரு தடவை படித்திருந்தால் நடந்திருக்காத ஆபத்து இது.

கொதித்து ஆறிய தண்ணீரை அளந்து ஒரு லிட்டர் எடுங்கள். முழு பாக்கெட்டையும் கரையுங்கள். மூடி வைத்து, வாந்தி இருந்தால் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். 24 மணி நேரம் கழித்து மீந்ததைக் கொட்டிவிடுங்கள். சர்க்கரை, உப்பு, ஜூஸ் எதையும் சேர்க்காதீர்கள். 200 மி.லி.க்கான சின்ன பாக்கெட்டும் கடையில் உண்டு. வாங்கும்போதே எவ்வளவு தண்ணீருக்கானது என்று பாருங்கள். பேதிக்கு டெட்ரா பேக் இனிப்புப் பானங்கள் உதவாது. அவற்றின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக்கூடாது என 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவிட்டது.

தோலைக் கிள்ளிப் பார்ப்பது

வேண்டாம். முதுமையில் தோல் எப்படியும் தளர்ந்துதான் இருக்கும்; அதை வைத்து நீர்ச்சத்து குறைந்ததா என்று சொல்ல முடியாது.

ராத்திரி சிறுநீருக்கு எழ வேண்டுமே என்று பயந்து தண்ணீரைக் குறைப்பது

மொத்த அளவைக் குறைக்காமல் நேரத்தை மாற்றுங்கள். ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கம் முதியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்சம், பெண்களுக்கு நாளைக்கு 1.6 லிட்டர், ஆண்களுக்கு 2 லிட்டர். டீ, காபி, பால், மோர் எல்லாம் இதில் சேரும். பெரும்பகுதியைச் சாயங்காலத்துக்குள் கொடுத்துவிடலாம். வீட்டு டம்ளர் 150 மி.லி.யா 200-ஆ என்று ஒரு நாள் அளந்து வையுங்கள். தெரியாமல் எண்ணும் எட்டு டம்ளருக்கு அர்த்தமில்லை. இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவர் சொன்ன அளவுதான் கணக்கு.

படுத்தபடியே புகட்டுவது

கூடவே கூடாது. புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

"வயசாயிடுச்சு, அப்படித்தான்"

நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று நாளும் இடமும் தெரியாமல் விழிக்கிறார், எழுந்து நின்றால் தள்ளாடுகிறார், சிறுநீர் குறைந்துவிட்டது என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். நீர்ச்சத்துக் குறைவா, தொற்றா, சோடியம் மாறியதா என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். நீர் பிரியும் மாத்திரை, பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள். வாந்தி பேதியின்போது சிலவற்றை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். எதை, எத்தனை நாள் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.