நமக்குன்னு ஒரு இலச்சினை வரையறது எப்படி

தென்காசி பக்கத்துல இருக்க நம்ம செங்கோட்டை வளைவை நிமிந்து பாத்திருக்கீங்களா? நம்மள முன்னாடி ஆண்ட திருவிதாங்கூர் ராஜாவோட சங்குச் சின்னம் இன்னும் அதுல இருக்கு. 1956 நவம்பர் 1-ல நாம தமிழ்நாட்டோட சேந்துட்டோம், ஆனா அந்தச் சங்கைப் பாத்தா யாரோடதுன்னு இன்னைக்கும் தெரியுது. இலச்சினைன்னா அப்படி இருக்கணும். எங்க வீட்டு கேட்டுக்கு ஒண்ணு வரைஞ்சேன், அதுல கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

நெட்ல குடும்பப் பேரைக் குடுத்தா சிங்கம் கிரீடம்லாம் போட்டு ரெடிமேடா கோட் ஆஃப் ஆர்ம்ஸ், அதாவது கேடயத்துல வரையற இலச்சினை, விக்கிறாங்க, வாங்காதீங்க. இங்கிலாந்துலயே அது பேருக்கு உள்ளது இல்ல, ஆளுக்கு உள்ளது, 1484-ல வந்த காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்ங்கிற ஆபீஸ் ஒரு ஆளுக்குக் குடுக்கும், அப்புறம் அவர் வாரிசுக்குப் போகும். நம்ம நாட்டுல அப்படிக் குடுக்க ஆபீஸ் கிடையாது, நாமளே வரைஞ்சுக்கலாம். அசோகர் தூண் சிங்கத்தை மட்டும் தொடாதீங்க, அதுக்கு 2005-ல தனிச் சட்டமே போட்டிருக்காங்க.

என்ன வரையறதுங்கிறதுக்குத்தான் நெறைய நாள் ஆகும், ஆகட்டும். எங்க தாத்தா ஆரியங்காவு கணவாய் வழியா மாட்டுவண்டி ஓட்டுனவரு, அதனால மொதல்ல காளை, வண்டி, மலை, அருவி, தென்னை எல்லாத்தையும் போட்டேன், எதுவுமே கண்ணுல நிக்கல. ஒவ்வொண்ணா எடுத்துட்டு வந்தா கடைசில நின்னது காளை கழுத்து மணி. வெண்கல மணி, நாக்கு அடிச்சு அடிச்சு உள்பக்கம் ஒரு எடத்துல பள்ளமே விழுந்திருக்கு, ராத்திரி கணவாய் வளைவுல எதிர வர்ற வண்டிக்கு அந்தச் சத்தம்தான் தகவல். உங்க வீட்லயும் அப்படி ஒரு சாமான் இருக்கும், பரண்ல தேடுங்க.

கேடய இலச்சினைக்குக் கலர்ல ஒரே விதிதான். மஞ்சளும் வெள்ளையும் உலோகம், அதாவது தங்கம் வெள்ளி. சிவப்பு, நீலம், பச்சை, கருப்பு, ஊதா இதெல்லாம் நிறம். உலோகத்து மேல உலோகமோ நிறத்து மேல நிறமோ வைக்கக்கூடாது. 12-ம் நூற்றாண்டுல மூஞ்சி தெரியாம இரும்புத் தொப்பி போட்டவங்களை கேடயத்தைப் பாத்துத்தான் அடையாளம் கண்டாங்க, தூரத்துல பளிச்சுன்னு தெரியணும்ல. நான் பச்சைல சிவப்பு மணி போட்டு தெரு எதிர்ல நின்னு பாத்தேன், மணியே காணோம். மஞ்சளாக்குனேன், கீழ குத்தாலத் தண்ணிக்கு வெள்ளையா ஒரு அலைக்கோடு. பச்சைன்னா இது, சிவப்புன்னா வீரம்னு லிஸ்ட் போடுவாங்க, அதெல்லாம் பின்னால சேத்தது, நீங்க குடுக்குறதுதான் அர்த்தம்.

வைக்கிற எடமும் பேசும். திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரைல சோழர் புலியோட பாண்டியர் மீனும் சேரர் வில்லும் சேந்தே இருக்கு, மூணு நாடும் எங்க கீழன்னு சொல்லாம சொல்றாங்க. இன்னொண்ணு, கேடயத்துல வலது இடதுங்கிறது அதைப் பிடிச்சிருக்கவர் கணக்கு, நமக்கு இடப்பக்கம் தெரியறதுதான் அதோட வலது, அதுதான் ஒசந்த பக்கம், மிருகம் போட்டா வழக்கமா அந்தப் பக்கம் பாக்கணும்.

முடிச்சதும் படத்தைக் காட்டாம வாயாலேயே சொல்லிப் பாருங்க, அந்த வார்த்தைதான் அசல் இலச்சினை, படம் அவங்கவங்க கைக்குத் தக்க மாறலாம். புனலூர்ல இருக்க அக்கா மகனுக்கு போன் போட்டு "பச்சைக் கேடயம், நடுவுல மஞ்சள் மணி, அடியில வெள்ளை அலை ஒண்ணு"ன்னேன். அவன் கோயில் மணி வரைஞ்சு அனுப்பிட்டான். "மாட்டுக் கழுத்து மணி, வாரோட"ன்னு மாத்திச் சொன்னேன், அடுத்த படம் சரியா வந்துச்சு.