கிளஸ்டரில் ஆர் ஓட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டின் தினசரி மழைப் பதிவை வைத்து ஆயிரம் பூட்ஸ்ட்ராப் (அதே தரவிலிருந்து திரும்பத் திரும்ப மாதிரி எடுத்துக் கணக்கிடுவது) ஓட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சேலத்து ஹாஸ்டல் அறையில் லேப்டாப் திணறுகிறது, அதனால் பல கணினிகளை இணைத்த கிளஸ்டருக்கு அனுப்புகிறோம். ஆர் என்ற புள்ளியியல் மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட் அதேதான். ஆனால் இப்போது அதை ஓட்டுவது ஸ்லர்ம், அதாவது யாருடைய வேலை (ஜாப்) எப்போது, எங்கே ஓடும் என்று பங்கிடும் மென்பொருள். இதை மறப்பதால்தான் பாதித் தவறுகள் வருகின்றன.

எனக்கு மிகவும் பயம் தருவது, பிழைச் செய்தியே தராத தவறு. ஆயிரத்தை நூறு நூறாகப் பிரித்து, பத்து ஜாப் கொண்ட அர்ரேயாக, அதாவது ஒரே ஸ்கிரிப்டைப் பத்துத் தடவை ஓட்டும் தொகுப்பாக அனுப்புகிறீர்கள். ஸ்கிரிப்டின் தலையில் செட்.சீட் 123 என்று இருக்கிறது, தற்செயல் எண்கள் எங்கே தொடங்க வேண்டும் என்று சொல்லும் வரி அது. பத்து ஜாப்பும் அதே எண்ணில் தொடங்குவதால் பத்தும் அதே நூறு மாதிரிகளைத்தான் எடுக்கும். எல்லாம் ஒழுங்காக முடியும், சேர்த்தால் ஆயிரம் வரிசையும் இருக்கும். உள்ளே இருப்பதோ நூறுதான், பத்துத் தடவை. ஆய்வேட்டில் ஆயிரம் என்று எழுதுவீர்கள், கிடைத்திருப்பது நூறின் துல்லியம்.

கண்டுபிடிப்பது சுலபம்: பத்து முடிவுக் கோப்புகளின் முதல் வரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தவிர்க்க, ஸ்லர்ம் ஒவ்வொரு ஜாப்புக்கும் தரும் எண்ணான அர்ரே டாஸ்க் ஐடியை சீடோடு கூட்டுங்கள், அது குறைந்தபட்சம். இன்னும் நல்லது, ஆரின் பேரலல் பேக்கேஜில் உள்ள லெக்குயே முறை. அதை வைத்து ஒவ்வொரு ஜாப்புக்கும் தனித்தனி எண் வரிசை எடுத்துக்கொள்ளலாம். அதே ஐடியை முடிவுக் கோப்பின் பெயரிலும் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் ஒன்றின் மேல் இன்னொன்று எழுதிவிடும்.

அடுத்தது, எத்தனை கோர் (செயலியின் கணக்கிடும் அலகு) இருக்கிறது என்று எண்ணும் ஆரின் டிடெக்ட்கோர்ஸ். நீங்கள் கேட்டது 4 கோர், நோடில் (கிளஸ்டரின் ஒரு கணினியில்) இருப்பது 64 என்றால், அது 64 என்றே சொல்லும். 64 வேலையாட்கள் (இணையாக ஓடும் ஆர் பிரதிகள்) 4 கோரில் முண்டியடிப்பார்கள், ஜாப் ஆமை வேகத்தில் போகும். நமக்கு எத்தனை கோர் ஒதுக்கினார்கள் என்பதை ஸ்லர்ம் ஜாப்புக்குள் வைத்துவிடும் சூழல் மாறியிலிருந்து படியுங்கள்.

அலகுகளையும் கவனியுங்கள். நேரம் 48 என்று மட்டும் எழுதினால் ஸ்லர்முக்கு அது 48 நிமிடம். மெமரி 16 என்றால் 16 எம்பி, ஜிபி அல்ல. பயந்துபோய் அளவுக்கு மேல் கேட்டால் வரிசையில் காத்துக் கிடக்க வேண்டும். முதலில் ஒரே ஒரு ஜாப்பை ஓட்டி, ஸ்லர்மின் sacct கட்டளையில் எவ்வளவு மெமரி பிடித்தது என்று பார்த்துவிட்டு, அப்புறம் மொத்தத்தையும் அனுப்பலாம்.

கிளஸ்டருக்குள் நுழைந்ததும் நாம் இருக்கும் லாகின் நோடில் கணக்கை ஓட்டாதீர்கள். அது எல்லாருக்கும் பொதுவான இடம். பேக்கேஜ்களை முன்கூட்டியே நிறுவிவிடுங்கள், பல கிளஸ்டர்களில் கணக்கு ஓடும் நோடுகளுக்கு இணையம் இருக்காது. ஜாப்பை ஸ்லர்மிடம் ஒப்படைக்கும் எஸ்பேட்ச் கட்டளையில் கொடுத்துவிட்டால், மழைக்கு இங்கே கரண்ட் போனாலும் ஜாப் அது பாட்டுக்கு ஓடும்.

கடைசியாக, ஆர் சிஎம்டி பேட்ச் என்ற பழைய கட்டளை. அது கோப்புறையில் கிடக்கும் பழைய ஆர்டேட்டாவை (முன்பு சேமித்துவைத்த ஆர் தரவுக் கோப்பை) தானாகவே ஏற்றிக்கொள்ளும். போன மாதம் திருத்துவதற்கு முன் இருந்த மழை அட்டவணை அப்படிச் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும். அதற்குப் பதில் ஆர்ஸ்கிரிப்ட் கட்டளையைப் பயன்படுத்துங்கள், அது பழையதை ஏற்றாது.